செவலைக்குப் பூக் கேட்ட கோடை

சீத்தா இலையைக் கசக்கினால் ஒரு பச்சை நாற்றம் வரும். கசப்பும் குமட்டலும் கலந்த அந்த நாற்றம் விரலில் ஏறிவிட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. கொல்லிமலைச் சீத்தாப்பழம் என்று கூவிக்கொண்டு கூடைக்காரி வாசலுக்கு வரும்போது என் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். பழத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்த மரத்தின் இலையை உரலில் இடித்துச் சாறு பிழிந்து எங்கள் நாயின் இடுப்புப் புண்ணில் அம்மா ஊற்றியதையும், உள்ளே இருந்த புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வந்ததையும், வலியில் அந்த நாய் கத்தாமல் என் பாவாடையைக் கவ்விக்கொண்டதையும் ஒரு கோடை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதற்கப்புறம் அந்தப் பழம் எனக்கு இறங்கவில்லை.

அப்போது சண்டைக் காலம். உலகத்தில் எங்கேயோ குண்டு போடுகிறார்கள் என்பது மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனதிலிருந்தும், பெட்ரோல் இல்லாமல் சேலம் போகிற பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டதிலிருந்தும்தான் எங்களுக்குத் தெரியும். இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், வண்டிப்பாதையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம் இருந்தது. ஊருக்குள் எங்களுக்கு வீடு கிடையாது. கிணற்றை ஒட்டி ஓடு வேய்ந்த 'தோட்டத்து ஊடு', அதற்கு முன்னால் மாடு கட்டும் இடம், அதையும் தாண்டி மூங்கில் தட்டிகளை வளைத்துக் கட்டி ஆடுகளை அடைக்கிற 'பட்டி'. அப்பா, அம்மா, நான், அப்போதுதான் பேச்சு வந்திருந்த என் தம்பி ஆகிய எங்கள் நால்வரோடு அந்தத் தோட்டத்தில் செவலையும் இருந்தது.

செம்மண் நிறத்தில் இருந்ததால் செவலை என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட நாய். ஆகவே என்னைவிட மூத்தது, அதிகாரமும் அப்படித்தான். பொழுது சாய்ந்து ஆடுகள் திரும்பி வரும்போது பட்டி வாயிலில் போய் நின்றுகொண்டு ஒவ்வோர் ஆட்டையும் மோந்து பார்த்து உள்ளே விடும். ஒன்று குறைந்தாலும் படுக்காது. மேட்டுக்காட்டுக்கும் பட்டிக்குமாக ஓடி ஓடி ஆள்களைத் தொந்தரவு செய்து, தவறிப்போன ஆடு வந்து சேர்ந்த பிறகுதான் சுருண்டு படுக்கும். நிலக்கடலை முற்றும் பருவத்தில் நரிகளும் பன்றிகளும் எங்கள் காட்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடுவதாகப் பக்கத்துக் காட்டுக்காரர் அப்பாவிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டது உண்டு.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவரைப் பக்திமான் என்பார்கள். எந்தக் காரியமானாலும் மாரியம்மனிடம் 'பூக் கேட்காமல்' தொடங்கமாட்டார். பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, பார்வைக்கு வித்தியாசம் தெரியாதபடி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். எந்தப் பூ வந்தால் என்ன செய்வது என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே அம்மனிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவை மீறக் கூடாது. மீறியவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கிணற்றை ஆழப்படுத்துவதா, மேட்டுக்காட்டில் கம்பு விதைப்பதா கடலை போடுவதா, அக்காள் மகளை எந்த ஊரில் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் அப்பா பூக் கேட்டார். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரே ஒருமுறை, "இன்னைக்குக் குளிக்கறதா வேண்டாமான்னு மட்டுந்தான் உங்கப்பன் இன்னும் கேக்கல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

செவலைக்கு முதலில் ஒரு கண் மங்கியது, அப்புறம் இன்னொன்று. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. மூக்கைக் கொண்டே காவல் காத்தது. மறு வருஷம் பின்னங்கால்கள் இரண்டும் வலுவிழந்தன. முன்னங்காலால் ஊன்றி, இடுப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு பட்டிக்குப் போகும். கல்லும் முள்ளும் உரசி இடுப்பில் தோல் போய்ப் புண்ணாயிற்று. புண்ணில் ஈ உட்கார்ந்தது. மாசி மாதம் வெயில் ஏறத் தொடங்கியபோது அந்தப் புண் என் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன், அல்லது இப்போது யோசிக்கையில் கவனித்ததாகத் தோன்றுகிறது. எங்கள் தோட்டத்தில் இருந்த எல்லா உயிருக்கும் வெளியே போக ஒரு வழி ஏற்பாடாகியிருந்தது. கோழி குழம்புக்குப் போனது. கிடாய் அம்மன் பண்டிகைக்குப் போனது. ஏர் இழுக்க முடியாமல் போன எருதுக்குச் சந்தை இருந்தது. தரகர் வருவார், கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்து அப்பாவோடு விலை பேசுவார், பேசி முடிந்ததும் கயிறு கை மாறும். அந்த எருதை அதற்கப்புறம் யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. 'அடிமாடு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தெரியாத ஆளும் கிடையாது. பத்து வருஷம் உழுத எருதை அப்படி அனுப்பிவிட்டு அன்று மாலையே அப்பா வயிறாரச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு மட்டும் விலை இல்லை. விலை இல்லாததனால் வாங்க ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லாததனால் போக வழியும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அது எங்களைப் போலத்தான் இருந்தது.

இருந்த வழிகளை எல்லாரும் வந்து சொன்னார்கள். பண்ணைக்காரர் ஒருவரிடம் பன்றி சுடுவதற்கு லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அப்பா போய்க் கேட்டார். நாயைச் சுட்ட துப்பாக்கி அப்புறம் குறி தப்பும் என்று அவர் மறுத்துவிட்டார். காட்டு வேலைக்கு வந்த ஆள் எட்டிக்கொட்டையை அரைத்துச் சோற்றில் வைத்தால் போதும், செலவே இல்லை என்றார். ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் தெருநாய்களுக்கு அந்த உருண்டையைப் போட்ட ஒரு காலையில் அப்பா கடலை மூட்டையோடு வண்டியில் போயிருந்திருக்கிறார். ஒரு நாய் வில்லாக வளைந்து விறைத்துக்கொண்டு, உயிர் போகாமல் வெகுநேரம் கண்ணைத் திறந்தபடி கிடந்ததாம். எட்டி என்ற பேச்சை எடுத்ததுமே அப்பா எழுந்து போய்விட்டார். நாமக்கல்லில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. கோமாரிக்கு ஊசி போடுகிற இடத்துக்கு ஒரு கிழட்டு நாயை வண்டி கட்டிக் கொண்டுபோனால் ஊரே சிரிக்கும் என்று அத்தை சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஊருக்குள் இருந்தாள், ஆனால் வாய் மட்டும் எங்கள் தோட்டத்திலேயே இருக்கும். சந்தையன்று கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள் என்பது அவள் சொன்ன வழி. அதற்கு அம்மா, "கண்ணுத் தெரியாததைச் சந்தையில உட்டா வண்டிச் சக்கரந்தான் பாத்துக்கும்" என்றாள். ஒரு வழியும் சொல்லாதவர்கள், இழுத்துக்கொண்டு கிடந்து சாவதுதான் நாயின் விதி என்றார்கள். இதுவும் செலவில்லாத வழிதான்.

கடைசியில் அம்மாவின் தம்பிதான் ஒரு வழியோடு வந்தார். என் மாமா செவ்வாய்ப்பேட்டையில் வயதான ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கரி பஸ்ஸில் ஏறி, எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரும்போது பாதிக் கறுப்புச் சட்டையாக இறங்குவார். பயந்த மனிதர், ஆனால் மருந்துப் பெயர்களைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சு நிமிர்ந்துவிடும். "குளோரோபாரம்" என்று அவர் அன்று சொன்னதை நானும் தம்பியும் நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். பஞ்சில் ஊற்றி மூக்கில் காட்டினால் தூங்கிவிடும், தூக்கத்திலேயே போய்விடும், வலி தெரியாது. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டாராம். அவர் வீட்டிலும் ஒரு காலத்தில் நாய் இருந்ததாம்.

அம்மா அன்று செவலையைக் குளிப்பாட்டினாள். வெந்நீரில் மஞ்சள் கலந்து புண்ணைக் கழுவி, பழைய சேலைத் துணி விரித்து வேப்பமர நிழலில் கிடத்தினாள். மாமா பையிலிருந்து புட்டியை எடுத்து வைத்தார். அப்போது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வந்துறலாம்" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

கோயிலுக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவும் வந்தார். அம்மா நாயின் பக்கத்தில் இருந்துகொண்டாள். பூசாரி நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் பறித்து வந்து ஆமணக்கு இலையில் மடித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, உயிர் தானாகப் போகட்டும் என்றால் வெள்ளை, நாமே முடித்துவிடலாம் என்றால் சிவப்பு என்று வாய்விட்டே சொன்னார். "எடு சாமி" என்றார் பூசாரி. ஒரு பொட்டலம் மற்றதைவிட எனக்குக் கிட்டத்தில் இருந்தது. அதை எடுத்தேன். வெள்ளைப் பூ வந்தது. நான் எடுத்த பூ என்று யாரும் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை, நானும் என்னைச் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளையின் கையில் ஒரு முடிவைக் கொடுப்பதற்காகவே ஏற்பட்ட வழக்கம் அது.

அப்பாவின் முகத்தில் அன்று துக்கம் இருக்கவில்லை, பாரம் இறங்கிய ஆள் நடப்பதைப் போல நடந்து வந்தார். மாமா புட்டியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போனார். அம்மா மட்டும் விரித்த துணியைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

அதற்கப்புறம் வந்த நாள்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பங்குனி வெயில் பாறையைப் பிளந்தது. செவலை சாகவில்லை. உள்ளே என்ன பிடிவாதம் இருந்ததோ, கஞ்சித் தண்ணீரை நக்கி நக்கியே உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அம்மா சீத்தா இலையை இடிப்பாள், நான் தலையைப் பிடித்துக்கொள்வேன், புழு வெளியே வரும், மறுநாள் பார்த்தால் இன்னும் ஆழத்தில் வேறு புழு இருக்கும். பகலெல்லாம் அது முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேதான் நாங்கள் சாப்பிட்டோம், பேசினோம், சில நேரம் சிரிக்கவும் சிரித்தோம். அப்பா வேப்பமரத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். காட்டுக்குப் போக வேறு வழியைச் சுற்றிக்கொண்டு போனார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்லமாட்டேன். தன் பங்குப் பாலை நாய்க்கு ஊற்றச் சொல்லிவிட்டு வெறும் களியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். ஆனால் பார்க்கமாட்டார்.

செவலை வாழ்நாளில் ஒருமுறைகூடப் படுத்த இடத்தை அசிங்கம் செய்ததில்லை. இடுப்பை இழுத்துக்கொண்டாவது வேலிப் பக்கம் போய்விட்டு வரும். ஒருநாள் அதற்கும் முடியாமல் போனது. முன்னங்காலை ஊன்றி ஊன்றிப் பார்த்தது, உடம்பு நகரவில்லை, படுத்திருந்த துணியிலேயே ஆகிவிட்டது. அம்மா துணியை மாற்றப் போனபோது அது முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டது. "வெக்கப்படுது பாரு" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தம்பி பிறந்தபோதுகூட வலியில் வாயைத் திறக்காதவள் என்று அத்தையே சொல்லுவாள்.

மறுநாள் காலையில் பாதைக்குப் போய், கரி பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரிடம் தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்: அன்றைக்குக் கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மாமா வந்தார். "அக்கா, வெள்ளை வந்துருச்சேக்கா. மச்சான் கேட்டு அம்மன் சொன்னது. நானும் பக்கத்துல நின்னேன்" என்றார்.

"கேட்டது உங்க மச்சான். எங்கிட்ட அம்மன் ஒண்ணுஞ் சொல்லல" என்றாள் அம்மா.

பிறகு கிணற்றுமேட்டுக்குப் போனாள். அப்பா கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். கவலை என்றால் எருதுகளைச் சரிவில் இறக்கியும் பின்னால் ஏற்றியும் தோல்பறியில் தண்ணீர் இறைப்பது. அவர் கயிற்றின்மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கும்போது அம்மா அருகே நின்று சொன்னது எனக்குக் கேட்டது. "ஏனுங்க, நா முடிச்சுர்றேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். உங்களுக்கும் புள்ளைகளுக்கும் வேண்டாம்." அப்பா எருதுகளை நிறுத்தவில்லை. பறி கவிழ்ந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. எருதுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மா வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து செவலையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரலைப் பாலில் தோய்த்து அதன் வாயில் வைத்தாள். இரண்டொரு தடவை நக்கியது. மனிதர்களுக்குக் கடைசியில் ஊற்றுவதைப் போலத்தான். மாமா ஒரு கொட்டாங்குச்சிக்குள் பஞ்சை வைத்து மருந்தை ஊற்றினார். இனிப்பான, தலையைச் சுற்றவைக்கிற வாசனை வந்தது. என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். நான் கட்டுத்தறி வரைக்கும் போய் நின்றுகொண்டேன். கொட்டாங்குச்சியை அவரால் நிலையாகப் பிடிக்க முடியவில்லை. அம்மாவே அதை வாங்கி மூக்கின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். செவலை ஒருமுறை தலையை அசைத்தது, முன்னங்கால் தரையைப் பிறாண்டியது. அம்மா மற்றொரு கையால் அதன் காதைத் தடவிக்கொண்டே குனிந்து பேசினாள். "படுத்துக்க சாமி. ஆடெல்லாம் வந்துருச்சு. எல்லாம் பட்டிக்குள்ள வந்துருச்சு. படுத்துக்க." இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆடுகள் மேட்டுக்காட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. பிறாண்டல் நின்றது. அப்புறம் வயிறு ஏறி இறங்குவதும் நின்றது. கிணற்றுமேட்டில் உருளை கிரீச்சிடுகிற சத்தம் மட்டும் கடைசிவரை நிற்கவே இல்லை.

வேலை ஆள் குழி வெட்டினார். அம்மா உப்புப் போட்டாள். சாயங்காலம் அப்பா கிணற்றில் தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்து, குழி மூடிய இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதாகவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

விஷயம் ஊருக்குள் போக அத்தை இருந்தாள். அம்மன் சொல்லை மீறியவள் என்று அம்மாவுக்குப் பெயராயிற்று. ஆடியில் எங்கள் வலத்து எருது இரை எடுக்காமல் செத்தபோது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐப்பசி மழை தவறியபோது, ஏதோ எங்கள் தோட்டத்துக்கு மட்டும் தவறியதைப் போலப் பேசினார்கள். அதையெல்லாம் அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த கோடையில் தம்பிக்கு அம்மை போட்டது.

பெரியம்மை. வாழை இலையில் கிடத்தி, வேப்பிலையால் வீசி, மோரும் இளநீரும் ஊற்றி, உயிர் தங்குமா தங்காதா என்று நாங்கள் இருந்தோம். எங்கள் பக்கத்தில் அது வியாதி இல்லை, அம்மன் வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பது. எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தை வாசலில் நின்று, "வெள்ளையக் குடுத்தவ சும்மா இருப்பாளா" என்றாள். அதற்கு முந்தின மாசம் அம்மை வராமலிருக்கத் தடுப்புக் குத்துகிறவர் வந்தபோது தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததே அத்தைதான். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. அப்பா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னது அவருக்கும் கேட்டது. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். முகம் முழுக்க வடு விழுந்தது. அன்றிலிருந்து அம்மா வருஷம் தவறாமல் பண்டிகையில் அக்கினிச் சட்டி எடுத்தாள். உள்ளங்கை வெந்து, தோல் தடித்து, கடைசிக் காலத்தில் வெந்நீரின் சூடுகூட அவள் கைக்குத் தெரியாது. நாய்க்குச் செய்தது தப்பு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சட்டி எடுப்பது எதற்கு என்றும் சொன்னதில்லை. அப்பாவும் அதற்கப்புறம் ஒரே ஒரு விஷயத்தில் மாறினார்: எதற்கும் பூக் கேட்கப் போகவில்லை. பக்திமான் என்ற பேர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அம்மா முதலில் போனாள். அப்பா அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார். கடைசியில் சூரமங்கலத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் பகலில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "அன்னைக்குக் கோயிலுக்குப் போனது அம்மன் சொல்லுக்காக இல்ல சாமி. அந்த முடிவு என்ற தலையில உழுந்துரக் கூடாதுன்னுதான் போனேன். செவப்பு வந்திருந்தா இன்னொருக்காக் கேட்டிருப்பேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாகிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். சாகக் கிடக்கிற மனிதரிடம் கோபப்பட்டேன்.

"சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றார். வாயைத் திறந்து காட்டினார், மீதிக் கஞ்சியை ஊட்டினேன்.

இப்போது அந்தத் தோட்டத்தில் லாரிக்குப் 'பாடி' கட்டுகிற பட்டறை நடக்கிறது. தம்பியின் மகன் நடத்துகிறான். கிணற்றை மூடி அதன்மேல் சிமெண்டு தளம் போட்டிருக்கிறார்கள். வேப்பமரம் இருந்த இடம் எது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அவன் வீட்டில் இப்போது இருக்கிற பெரிய நாய்க்குச் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் தனி டாக்டரே இருக்கிறாராம். வயதாகி முடியாமல் போனால் ஓர் ஊசி, வலியில்லாமல் போய்விடுமாம், டாக்டரே முடிவு சொல்லிவிடுவாராம். தம்பி மகன் இதைச் சாதாரணமாகச் சொன்னான். சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் காலத்து ஆள்கள், எருதுகள், அந்தக் கரி பஸ், அத்தையின் வாய், பெரியம்மைகூட, எல்லாம் போய்விட்டன. போனதில் பாதிக்குமேல் போகட்டும் என்றுதான் இருக்கிறது.

அப்பா சொன்னதை இத்தனை வருஷமாகத் தம்பியிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். அப்பாவைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. போன தையில் போயிருந்தபோது பட்டறை வாசலில் நாற்காலி போட்டு நாங்கள் இரண்டு கிழங்களும் உட்கார்ந்திருந்தோம், அப்போது சொல்லிவிட்டேன். அவனுக்குக் காது சரியாகக் கேட்காது. இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கன்னத்து வடுவை விரலால் தடவிக்கொண்டு, "அம்மா சாகற வரைக்கும் என்ற மூஞ்சிய நேராப் பாத்ததில்லக்கா" என்றான்.